தேரோடும் வீதி

தமிழகத்தின் வடவெல்லையாகப் பழம்புலவர் குறித்த மலை வேங்கடம். திருமால் நின்ற கோலத்தில் காட்சிதரும் அம்மலையின் பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று தமிழகத்தின் தென்பகுதியில், கரிசல் நிலத்திடையே உள்ளது. அதுவே திருவேங்கடம். அவ்வூர் அடங்கிய மாவட்டமோ, சிவபெருமானின் திருநகராகிய காசியின் பெயரைத் தாங்கித் தென்காசி என வழங்குகிறது. 2019ஆம் ஆண்டில் திருநெல்வேலியினின்றும் பிரிந்து தனி மாவட்டமான பகுதி அது. நெடுந்தொலைவில் உள்ள திருமாலின் மலையும் சிவனின் நகரும் இங்கே பெயரளவில் அண்டை வீட்டாராய் அமர்ந்துவிட்டன.

சமயங்கள் பல அடுத்தடுத்து வாழ்வது இன்றைய உலகின் பெருஞ்சிக்கல்களுள் ஒன்று என்பர் அறிஞர். அச்சிக்கலை ஆராய நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. திருவேங்கடத்தில் நின்று நாற்புறமும் நோக்கினால் போதும். ஒருநாட் பயணத்தில் சென்று திரும்பத்தக்க தொலைவிற்குள் சைவமும் வைணவமும் சமணமும் இசுலாமும் கிறித்தவமும் தத்தம் சுவடுகளைப் பதித்துள்ளன. அச்சுவடுகளைப் பின்பற்றிச் சென்று, சமயங்கள் ஒன்றோடொன்று இணங்கி வாழ்வதற்கு எது இன்றியமையாதது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

திருவேங்கடத்திற்குத் தென்மேற்கே உள்ளது சங்கரன்கோவில். அவ்வூர்த் தலபுராணம் ஒரு வழக்கைச் சொல்கிறது. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர். ஒருவன் சிவனடியான், மற்றவன் திருமாலடியான். சிவன் பெரியனோ, திருமால் பெரியனோ என்று இருவரும் வாதிட்டு, முடிவு காணாமல் அம்மையிடம் முறையிட்டனர். அம்மை தவமிருந்தாள். அத்தவத்திற்கு இரங்கி இறைவன் ஒருபாதி சிவனாகவும் ஒருபாதி திருமாலாகவும் சங்கரநாராயணராய்க் காட்சி தந்தான். அக்காட்சியின் நினைவாகவே ஆடித் தபசு விழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. தென்பாண்டி நாட்டு மக்கள் பல்லாயிரவர் அன்று அங்கே திரள்கின்றனர்.

இதனோடு குற்றாலத்துக் கதையை ஒப்பிட்டுப் பாருங்கள். குற்றாலநாதர் கோவில் ஒருகாலத்தில் திருமால் கோவிலாக இருந்தது என்றும், அகத்தியர் வைணவ வேடம் பூண்டு உட்புகுந்து நின்ற திருமாலைக் குறுகச்செய்து சிவலிங்கமாக்கினார் என்றும் அத்தலத்தின் புராணம் கூறும். இவ்விரண்டும் பக்தர் போற்றும் புராணங்கள். வரலாற்று ஆவணங்கள் அல்ல. எனினும் இரண்டும் ஓர் உண்மையை மறைமுகமாக உணர்த்துகின்றன. சைவருக்கும் வைணவருக்கும் இடையே போட்டி இருந்தது. அதற்கு மக்கள் விடை தேடினர். குற்றாலத்துக் கதையில் ஒரு தெய்வம் மற்றொன்றாக மாறுகிறது. சங்கரன்கோவில் கதையில் இரண்டும் தத்தம் அடையாளங்களை விடாமல் ஒரே திருமேனியில் நிற்கின்றன. ஒரு பாதி மற்றொரு பாதியை விழுங்கிவிடவில்லை. இக்காலத்தில் சமய ஒற்றுமை என்று நாம் பேசும் கருத்து இவ்விரண்டாம் கதைக்கே நெருங்கியது.

இனித் திருவேங்கடத்திற்குத் தெற்கே செல்வோம். அங்கே சமவெளியினின்றும் தனித்தெழுந்த பாறைக்குன்று ஒன்று உண்டு. அது கழுகுமலை. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கியுள்ள அவ்வூரைத் தென்னாட்டுச் சமய வரலாற்றின் சுருக்கம் எனலாம். குன்றின் ஒருபுறம், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய ஒற்றைக்கற் கோவில் உள்ளது. வெட்டுவான் கோவில் என்பது அதன் பெயர். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் எழுந்த அச்சிவன் கோவில் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அதே குன்றின் மற்றொரு முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் வரிசை வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. உருவங்களைச் செய்வித்தோரின் ஊரும் பேரும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. தச்சர், குயவர் போன்ற கைத்தொழிலாளரும் அவர்களுள் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியரின் பெயர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பெண்கள் சமய ஆசிரியராய் விளங்கியதற்கு அக்குன்று சான்று பகர்கிறது.

குன்றின் அடிவாரத்தில் முருகப்பெருமானின் குடைவரைக் கோவில். சமணச் சிற்பங்களுக்கு அருகிலேயே அய்யனார் கோவில். சமணர் அவ்விடத்தை விட்டு மறைந்த பின்னும் அவர்தம் திருவுருவங்கள் பாறையில் நிலைத்துள்ளன. சங்கரன்கோவில் பகுதியில் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் (1865–1891), இக்கழுகுமலை முருகன் மீது பாடிய காவடிச்சிந்து தமிழுலகம் எங்கும் பரவியது.

கழுகுமலைக்குக் கிழக்கே உள்ளது எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர் என்று நீங்கள் அனைவரும் அதனை அறிவீர்கள். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வூரில் வாழ்ந்தவர் உமறுப்புலவர். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழ்க் காப்பிய மரபிற்கேற்பப் பாடிய சீறாப்புராணத்தின் ஆசிரியர் அவர். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரம் அரண்மனைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவர். இந்துப் புலவர் இசுலாமிய மாணவருக்குத் தம் கல்வி முழுவதையும் ஈந்தார். அம்மாணவரும் அரண்மனைப் புலவராய் மதிக்கப்பெற்றார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரைக் காப்பியம் பாடத் தூண்டினார். தமிழ்நாட்டின் ஆறும் சோலையும் அக்காப்பியத்தில் அரபு நாட்டு வருணனையாய் மலர்ந்தன. உமறுப்புலவரின் அடக்கத்தலம் இன்றும் எட்டயபுரத்தில் உள்ளது.

இதுவரை கேட்டவர்கள், இந்நிலத்தில் சமயப் பூசல் எழ இடமே இல்லை என்று எண்ணக்கூடும். சமய நல்லிணக்கம் பற்றிய சொற்பொழிவுகள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. வரலாறு அங்கே நிற்கவில்லை. நாமும் நிற்கலாகாது.

உமறுப்புலவரைப் போற்றிய எட்டயபுரம் ஜமீனிடமே கழுகுமலைக் கோவிலின் நிர்வாகமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நாடார் சமூகத்தார் உழைப்பாலும் வணிகத்தாலும் கல்வியாலும் உயர்ந்து வந்தனர். கழுகுமலையில் கோவிலைச் சூழ்ந்த தேர் வீதிகளில் தங்கள் ஊர்வலங்களை நடத்தும் உரிமையை அவர்கள் வேண்டினர். சாதி வழக்கத்தைக் காரணம் காட்டி அவ்வுரிமை மறுக்கப்பட்டது. நீதிமன்றத்தை நாடியும் அவர்கள் வேண்டியது கிட்டவில்லை. முருகனைத் தொழுதவர்களே முருகனின் தேர் ஓடும் வீதியில் ஊர்வலம் செல்ல இயலாதவர் ஆயினர்.

அதன்பின் அவர்களுள் ஒரு பகுதியினர் கத்தோலிக்கக் கிறித்தவத்தைத் தழுவினர். தேர்வீதியை ஒட்டி அவர்களுக்கு ஒரு வழிபாட்டிடமும் அமைந்தது. 1895ஆம் ஆண்டுப் பங்குனித் திருவிழாவில் தேர் அவ்வீதி வழியே வந்தபோது மோதல் மூண்டது. ஜமீனின் மேலாளர் கொல்லப்பட்டார். நாடார் சமூகத்தாரிலும் பலர் மாண்டனர். வீடுகள் எரிந்தன. சமணரும் சைவரும் பாறையில் அடுத்தடுத்துச் செதுக்கிய அதே குன்றின் அடியில் குருதி சிந்தியது.

இதனை இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே நிகழ்ந்த சமயப் போர் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் காரணத்தை ஆராய்வோர் அங்ஙனம் கூறார். கடவுள் ஒருவரோ பலரோ என்ற வாதத்தால் அங்கே எவரும் மோதவில்லை. ஒரு வீதியில் செல்லும் உரிமை யாருக்குண்டு என்பதே வழக்கு. சாதியால் எழுந்த அவ்வழக்கு சமயத்தின் ஆடையை உடுத்தி வெளிவந்தது. உரிமை மறுக்கப்பட்ட மக்கள் உயிர்நாடியாகப் போற்றிய வழிபாட்டையே மாற்றிக்கொள்ளத் துணிந்தனர் என்றால், அம்மறுப்பு அவர்கள் உள்ளத்தை எத்துணை வருத்தியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

காலத்தையும் கருதுங்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகச் சமயப் பேரவை கூடியது 1893ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள். எல்லாச் சமயங்களும் மெய்யென ஏற்கும் மரபினர் நாங்கள் என்று சுவாமி விவேகானந்தர் அங்கே முழங்கியது உலகறிந்த செய்தி. அப்பேரவைக்குச் செல்லுமாறு அவரை ஊக்கியவர்களுள் முதன்மையானவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சுவாமிகள் தாயகம் திரும்பிப் பாம்பனில் கரையிறங்கியபோது அவரைப் பெருஞ்சிறப்புடன் வரவேற்றவரும் அம்மன்னரே. அந்நாட்களில் இராமேசுவரம் கோவிலில் பேசிய சுவாமிகள், ஏழையிடத்தும் நலிந்தோரிடத்தும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்று அறிவுறுத்தினார்.

அதே 1897ஆம் ஆண்டில், அதே சமஸ்தானத்தைச் சேர்ந்த கமுதியில், நாடார் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் சென்று வழிபட்டனர். அதனை எதிர்த்துச் சேதுபதியின் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908ஆம் ஆண்டில் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில், 1899ஆம் ஆண்டு சூன் திங்களில் சிவகாசி பெருங்கலவரத்திற்கு ஆளாயிற்று. உலகச் சமயங்களின் ஒற்றுமையைப் போற்றி ஒருவரைக் கடல் கடந்து அனுப்பி மகிழ்ந்த நாடு, உள்ளூர்க் கோவில் வாயிலைத் திறக்க ஒருப்படவில்லை. மன்னர் ஒருவரை மட்டும் குறைகூறுதல் தகாது. வழக்கம் என்னும் வலிய தளை அக்காலத்தார் அனைவரையும் பிணித்திருந்தது.

நேயர்களே, மாணவ நண்பர்களே! இந்நிகழ்ச்சிகளிலிருந்து நாம் அறிவது என்ன? பிற சமயத்தின் நூலைப் போற்றுதல் ஒன்று. பிறருக்கு வீதியில் இடங்கொடுத்தல் மற்றொன்று. முன்னதற்கு நல்லறிவும் நயவுணர்வும் போதும். பின்னதற்கு நம் வசதியில், நம் பெருமையில், நாம் நெடுநாளாய் நமதென்று எண்ணியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தல் வேண்டும். எட்டயபுரம் முன்னதைச் செய்தது; அதற்காக அதனைப் போற்றுவோம். கழுகுமலையில் பின்னது நிகழவில்லை. அதன் விளைவை மறவாதிருப்போம்.

பின்னதைச் செய்வதற்குத் தமிழ்நாடு மேலும் பல ஆண்டுகள் முயல வேண்டியிருந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் தம் ஆட்சிக்குட்பட்ட கோவில்களை இந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டார். 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரையில் அ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட சமூகத்தார் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் சென்றார். சென்னை மாகாண அரசு அதற்குத் துணையாகச் சட்டம் இயற்றியது. 1947ஆம் ஆண்டில் கோவில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, தன் 17ஆம் பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. அதன் 25ஆம் பிரிவு, விரும்பிய சமயத்தை மேற்கொள்ளவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் யாவர்க்கும் உரிமை அளித்தது. பொது இந்துக் கோவில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. மனச்சான்றின் உரிமையையும் கோவில் வாயிலையும் ஒரே பிரிவில் சேர்த்து வைத்த அப்பெருமக்கள், அவற்றின் தொடர்பை நன்கு உணர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சட்டம் எழுதப்பட்ட நாளிலேயே ஊர் மாறிவிடுவதில்லை. 1981ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட குடும்பத்தினர் ஒருங்கே இசுலாத்தைத் தழுவினர். அச்சிற்றூரின் பெயர் இந்தியா முழுவதும் ஒலித்தது. தலைவர்கள் பலர் அங்கே வந்தனர். அம்மாற்றத்தின் காரணம் பற்றிப் பலர் பலவாறு உரைத்தனர். மதம் மாறியவர்கள் பலர் கூறிய காரணமோ எளியது: சமமதிப்பை நாடினோம் என்றனர். மாறியோரும் மாறாதோரும் அங்கே உறவினராகவே இருந்தனர். ஒரே குடும்பத்திலும் இருவகையினர் உண்டு. கழுகுமலைக்கும் மீனாட்சிபுரத்திற்கும் இடையே 86 ஆண்டுகள் கழிந்தன. ஆட்சி மாறியது, சட்டம் மாறியது. ஆனால் மனிதன் நாடியது மாறவில்லை.

இனி, இதே மாவட்டத்தில் வேறொரு காட்சியையும் காண்போம். கடையத்தை அடுத்துள்ளது பொட்டல்புதூர். 17ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கூறப்பெறும் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் அங்கே உள்ளது. பாக்தாதில் அடங்கிய பெரியார் முகையதீன் அப்துல் காதிறு ஜீலானி அவர்களின் பெயரால் அமைந்த அப்பள்ளி, தென்னாட்டுக் கோவில்களைப் போன்றே கல்தூண்களும் மண்டபங்களும் உடையது. அங்கே நடைபெறும் கந்தூரி விழாவிற்கு இசுலாமியரோடு இந்துக்களும் திரண்டு வருகின்றனர், நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். நோயுற்ற குழந்தையைத் தோளில் சுமந்து வரும் தாயிடம், நீ எச்சமயத்தாள் என்று வாயிலில் எவரும் வினவுவதில்லை.

பொட்டல்புதூரில் கூடுவோர் எவரும் தம் சமயத்தை விட்டுவிட்டு வருவதில்லை. நீறணிந்தவர் நீறணிந்தே வருகிறார். தொழுகை புரிபவர் தொழுகை புரிகிறார். சங்கரநாராயணரின் திருமேனியைப் போன்றே இங்கும் ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. இங்குள்ள கதவு யாவர்க்கும் திறந்திருக்கிறது. கழுகுமலையில் வீதி அடைபட்டது; பொட்டல்புதூரில் வாயில் திறந்திருந்தது. ஒரே காலத்தில், ஒரே திருநெல்வேலிச் சீமையில், ஒரே மொழி பேசும் மக்களிடையே இவ்விரண்டும் நிகழ்ந்தன. ஆதலின் நல்லிணக்கமோ பூசலோ ஒரு நிலத்தின் இயற்கைக் குணம் அன்று. அவ்வப்போது வாழும் மக்கள் மேற்கொள்ளும் முடிவே அதனை உருவாக்குகிறது.

பிற நாட்டு வரலாறும் இதனையே வற்புறுத்துகிறது. பிரான்சு நாட்டில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் பல்லாண்டு போரிட்ட பின்னர், 1598ஆம் ஆண்டில் நான்காம் ஹென்றி மன்னர் நாந்து நகரில் ஓர் ஆணை பிறப்பித்தார். அன்பு செலுத்துங்கள் என்று அறிவுரை கூறுவதோடு அவ்வாணை நின்றுவிடவில்லை. புராட்டஸ்டண்டுகள் எவ்விடங்களில் வழிபடலாம், அரசுப் பதவிகளை வகிக்கலாமா, வழக்குகளை யார் விசாரிப்பது என்று நுணுக்கமாக வரையறுத்தது. நாட்டில் அமைதி பிறந்தது. 1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி அதனை நீக்கினார். இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் தாயகம் விட்டு ஓடினர். நெசவாளரும் கைவினைஞரும் அவர்களோடு சென்றனர். உரிமையை நிலைநாட்டிய ஆணை அமைதி தந்தது. அதனை நீக்கிய ஆணை நாட்டின் செல்வத்தையே குறைத்தது.

20ஆம் நூற்றாண்டில் இக்கருத்து உலகளாவிய வடிவம் பெற்றது. 1948ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் 18ஆம் பிரிவு, சமய உரிமையோடு சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கூறியது. 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள மெய்யும் தூய்மையும் எதனையும் கத்தோலிக்கத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்தது. இவை பெரும் பேறுகளே. ஆயினும் ஐக்கிய நாடுகள் சபையிலும் உரோமையிலும் எழுதப்படும் அறிக்கைகள் மெய்யாவது, ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வீதியில், யாரோ ஒருவர் மற்றொருவருக்கு வழிவிடும்போதுதான்.

மாணவ நண்பர்களே! சமயங்களின் உயர்ந்த கருத்துகளை நீங்கள் கற்க வேண்டும். திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் ஒரே தமிழின் செல்வங்கள். நான்கும் உங்களுக்கு உரியன. அவற்றைக் கற்று முடித்தபின் நூலை மூடிவிட்டு உங்கள் ஊர் வீதிக்கு வாருங்கள். அங்கே திருவிழாத் தேர் எவ்வழியே செல்கிறது? சந்தனக்கூடு எவ்வழியே வருகிறது? மாதாவின் சப்பரம் எவ்வழியே போகிறது? ஏதேனும் ஒரு தெருவின் முனையில் எதுவும் திரும்பிவிடுகிறதா? திரும்பிவிடுமாயின் ஏன் என்று பெரியவர்களைப் பணிவுடன் கேளுங்கள். ஒரு நாட்டின் சமய வரலாறு அந்தத் தெருமுனையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கழுகுமலையில் இன்று முருகன் கோவில் உள்ளது. கத்தோலிக்க ஆலயமும் உள்ளது. மலைமேல் தீர்த்தங்கரர்கள் அமைதியாக அமர்ந்துள்ளனர். அவ்வூருக்குச் செல்லுங்கால் சிற்பங்களை மட்டும் கண்டு மீளாதீர்கள். கோவிலைச் சூழ்ந்த தேர் வீதியில் ஒருமுறை நடந்து வாருங்கள். இன்று எவரும் தடையின்றி நடக்கும் அவ்வீதியில் செல்லும் உரிமைக்காக ஒருகாலத்தில் மனிதர் உயிர் துறந்தனர் என்பதை நினையுங்கள். அந்நினைவு உங்கள் உள்ளத்தில் நிலைக்குமாயின், பிறர்க்கு வழிவிட வேண்டிய நேரம் உங்கள் வாழ்வில் வரும்போது நீங்கள் தயங்கமாட்டீர்கள்.